செக்யூரிட்டியும் வேணும், கஸ்டமைசேஷனும் வேணும்: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

சாம்பல்திரை:

எல்லாருக்கும் வணக்கம். என் லேப்டாப்ல விண்டோஸ் 10 ஓடுது. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா ப்ராசசர் ஆதரவு லிஸ்ட்லயே இல்லைன்னு காட்டுது. மெஷின் நல்லாத்தான் இருக்கு, தூக்கிப் போட மனசு வரல. வேற ஓஎஸ்க்கு மாறலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன், அவசியம்னா புது மெஷினுக்கும் ரெடி.

எனக்கு ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு செக்யூரிட்டி, ஏன்னா பேங்க், மெயில், வேலை ஃபைல் எல்லாம் இந்த ஒரே மெஷின்லதான். இன்னொண்ணு, டெஸ்க்டாப் என் இஷ்டத்துக்கு இருக்கணும், தீம் ஐகான்ல ஆரம்பிச்சு விண்டோ எங்க எப்படி உக்காரணும், எந்த கீ அழுத்தினா என்ன நடக்கணும்ங்கற வரைக்கும் மாத்தி வெச்சுப் பழகிட்டேன், அது இல்லாம எனக்கு வேலையே ஓடாது. விசாரிச்சா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. லினக்ஸ்ல வைரஸே வராதுங்கறார் ஒருத்தர், மேக்தான் சேஃப்ங்கறார் இன்னொருத்தர், விண்டோஸ் 11ல எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்கன்னு மூணாவது ஆள். ரெண்டும் சேந்து கிடைக்கிற ஓஎஸ் எது?


டெர்மினல்வாசி:

லினக்ஸ் ப்ரோ, யோசிக்கவே வேணாம். பேனல், விண்டோ மேனேஜர், லாகின் ஸ்கிரீன்னு எதை வேணா கழட்டி எதை வேணா மாட்டலாம். சோர்ஸ் கோடு தொறந்து கிடக்கு, ஓட்டை இருந்தா யாராவது பாத்து அடைச்சிடுவாங்க. பழைய மெஷின்லயும் நல்லா ஓடும்.


பழையகீபோர்டு:

லினக்ஸ் போடுங்கன்னுதான் கடைசில நானும் சொல்லுவேன், ஆனா மேல சொன்ன காரணத்துக்காக இல்ல. வைரஸ் வராதுன்னு நம்பி லினக்ஸுக்கு வர்றவங்கதான் சீக்கிரம் மாட்டுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா எழுதுறேன்.

நீங்க செக்யூரிட்டி, கஸ்டமைசேஷன்னு ரெண்டா பிரிச்சுக் கேக்குறீங்க. என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே கேள்விதான், யார் எழுதின கோடு, என்ன உரிமையோட, எதுவரைக்கும் கை நீட்ட முடியும்ங்கற கேள்வி. நீங்க ஒரு தீம் இறக்குறீங்க, ஒரு எக்ஸ்டென்ஷன் போடுறீங்க, "இதை பேஸ்ட் பண்ணு, டாஸ்க்பார் பழைய மாதிரி ஆயிடும்"னு எவரோ குடுத்த ஸ்கிரிப்டை ஓட்டுறீங்க. அத்தனையும் முகம் தெரியாத ஒருத்தரோட கோடு, உங்க யூசர் அக்கவுண்டோட முழு அதிகாரத்துல ஓடுது. சுவருக்கு பெயிண்ட் அடிக்க வந்தவர் கையில பீரோ சாவியையும் சேத்துக் குடுக்கிற மாதிரி. அதனால எந்த ஓஎஸ்ல நிறைய மாத்தலாம்னு பாக்காதீங்க. எந்த ஓஎஸ்ல நீங்க விரும்புற மாற்றத்தை உள்ள இருக்கிற செட்டிங்ஸ வெச்சே செய்ய முடியும், வெளி ஆளோட கோடு எவ்வளவு கம்மியா தேவைப்படும், தப்பித்தவறி ஒரு மோசமான கோடு உள்ள வந்தா அதை எவ்வளவு தூரத்துல நிறுத்தும், இந்த மூணைப் பாருங்க.

இன்னொரு விஷயம், அப்டேட். 2017 மே மாசம் வானாக்ரை உலகம் பூரா பரவுச்சு, ஞாபகம் இருக்கும். அது புகுந்த ஓட்டை எஸ்எம்பி-ங்கற ஃபைல் ஷேரிங் சர்வீஸ்ல இருந்தது, அதுக்கான பேட்ச மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே குடுத்தாச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் டைம் இருந்தும் போடாம விட்ட மெஷின்கள்தான் பெரும்பாலும் விழுந்துச்சு. பேட்ச் வராத விண்டோஸ் 10-ஐ வெச்சுக்கிட்டு நெட்ல உக்காந்தீங்கன்னா உங்க நிலைமை அதை விட மோசம், ஏன்னா போடுறதுக்கு பேட்சே இருக்காது. தனிப்பட்ட யூசர்களுக்கு நீட்டிப்பு அப்டேட் திட்டம் ஒண்ணு இருக்கு, 2026 அக்டோபர் 13 வரைக்கும். முடிவு எடுக்கிற வரைக்குமாவது அதுல பதிஞ்சுக்கோங்க.


ஆறாவதுவிண்டோ:

பழையகீபோர்டு சார் சொன்னதுல பெரும்பகுதி ஒத்துக்கிறேன், ஆனா விண்டோஸ் 11 பத்தி யாரும் நியாயமா பேசலைன்னா நான் பேசுறேன். டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் கட்டாயம்னு சொன்னப்ப நிறைய பேர் திட்டினாங்க, நானும் கோபப்பட்டவன்தான், ஆனா அதனால என்ன கிடைச்சதுன்னும் பாக்கணும். டிஸ்க் என்க்ரிப்ஷன் கீ சிப்புக்குள்ள உக்காருது, பூட் ஆகுறப்ப ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து பதிவு பண்ணுது, மெமரி இன்டெக்ரிட்டின்னு ஒண்ணு இருக்கு, அது கெர்னலுக்குள்ள, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிக்குள்ள, எந்த டிரைவர் நுழையலாம்ங்கற சோதனையையே தனியா ஒரு விர்ச்சுவல் வளையத்துக்குள்ள வெச்சு நடத்துது, விண்டோஸே ஹேக் ஆனாலும் அந்தச் சோதனையைத் தொட முடியாத மாதிரி. அது கூட டிஃபெண்டர் இப்ப நிஜமாவே நல்ல ஆன்டிவைரஸ், தனியா வாங்கத் தேவையில்ல.

ஆனா கஸ்டமைசேஷன்ல பின்னாடி போயிட்டாங்க, அதுல எனக்கு வருத்தம்தான். 2021ல விண்டோஸ் 11 வந்தப்ப டாஸ்க்பார மேலயோ பக்கத்துலயோ நகர்த்துற வசதியையே எடுத்துட்டாங்க, எத்தனையோ வருஷமா இருந்த வசதி அது. அதைத் திருப்பிக் கொண்டு வரணும்னா விண்ட்ஹாக் மாதிரி டூல்ஸ் போடணும். அது எப்படி வேலை செய்யுதுன்னா, எக்ஸ்ப்ளோரர் ப்ராசஸுக்குள்ளயே தன் கோட நுழைச்சு ஃபங்ஷன்களைத் திருப்பி விடுது. டூல் நல்ல டூல்தான், சோர்ஸும் பாக்கலாம், ஆனா மால்வேர் செய்யுற அதே டெக்னிக்தான் இதுவும், அதனால ஆன்டிவைரஸால ரெண்டையும் சுலபமா பிரிக்க முடியாது, நீங்களே விலக்கு குடுத்து உள்ள விட வேண்டி வரலாம். அப்படி விலக்கு குடுத்துப் பழகின கை அடுத்த தடவையும் யோசிக்காம குடுக்கும்.

ஃபேன் வேகம், ஆர்ஜிபி லைட் கன்ட்ரோல் பண்ற டூல்ஸ் பத்தியும் சொல்லணும். அதுல பலதும் உள்ளுக்குள்ள வின்ரிங்0-ன்னு ஒரு பழைய டிரைவரை வெச்சிருந்தது. ஹார்ட்வேரோட நேரா பேசுற டிரைவர், அதுல இருக்கிற ஓட்டை 2020லயே பதிவாயிருச்சு, அது வழியா சாதாரண ப்ரோக்ராம் கூட கெர்னல் அதிகாரத்துக்கு ஏறிடலாம். 2025 மார்ச்ல டிஃபெண்டர் அதைப் பிடிச்சு ஓரங்கட்ட ஆரம்பிச்சதும் நல்ல டூல் எல்லாம் திடீர்னு வைரஸ்னு காட்டுதேன்னு ஊரெல்லாம் ஒரே குழப்பம். லைட் கலர் மாத்தணும்னு போட்ட ஒரு ப்ரோக்ராம் கெர்னலுக்கே கதவு தொறந்து வெச்சிருந்தது, அதுதான் நடந்தது.


சாம்பல்திரை:

இதெல்லாம் எனக்குப் புதுசு. நானும் அந்த மாதிரி ஃபேன் டூல் ஒண்ணு வெச்சிருக்கேன். சரி, தேவையில்லாததை ஒரேயடியா வெட்டுற டீபிளோட் ஸ்கிரிப்ட், குறைச்சுக் கட்டின விண்டோஸ் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) எல்லாம் எப்படி? பழைய மெஷின்ல விண்டோஸ் 11-ஐ அப்படித்தான் நிறைய பேர் போடுறாங்க.


ஆறாவதுவிண்டோ:

போடாதீங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் பிரிச்சுக் கட்டின ஐஎஸ்ஓல என்ன எடுத்தாங்க என்ன சேத்தாங்கன்னு உங்களால செக் பண்ணவே முடியாது, நிறைய இடத்துல வேகத்துக்காக டிஃபெண்டரையும் அப்டேட்டையும்தான் முதல்ல வெட்டுறாங்க. ஸ்கிரிப்ட்டும் அப்படித்தான், அட்மின் உரிமையோட ஓடும், ரெண்டாயிரம் வரி இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. தேவையில்லாத ஆப்ப கையாலயே அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அரை மணி நேர வேலை.


மூன்றாம்கிளிக்:

மேக் பத்தி ஒருத்தரும் எழுதல, நான் ரொம்ப காலமா அதுலதான் இருக்கேன், அதனால சொல்றேன்.

மேக்ல பாதுகாப்பு அடுக்கடுக்கா வந்தது. 2012ல ஃப்ளாஷ்பேக்னு ஒரு மால்வேர் ஜாவா ஓட்டை வழியா ஆறு லட்சத்துக்கும் மேல மேக் மெஷின்கள்ல புகுந்துச்சு, மேக்ல வைரஸ் வராதுங்கற பேச்சு அன்னைக்கே முடிஞ்சிருக்கணும். அதே வருஷம் கேட்கீப்பர் வந்தது, டெவலப்பரோட டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஆப்ப நிறுத்திக் கேக்கும். 2015ல எல் கேப்பிடன்ல சிஸ்டம் இன்டெக்ரிட்டி ப்ரொடெக்ஷன், சுருக்கமா சிப்னு (SIP, ஹார்ட்வேர் சிப் இல்ல) சொல்லுவாங்க, ரூட் யூசரா, அதாவது முழு அதிகாரம் உள்ள அட்மினா இருந்தாக்கூட சிஸ்டம் ஃபைலைத் தொட விடாது. 2020ல பிக் சர்ல இருந்து சிஸ்டம் வால்யூமே சீல் வெச்சது, ஒரு ஃபைல்ல ஒரு பைட் மாறினாலும் சீல் பொருந்தாது. இது போக ஒவ்வொரு ஆப்பும் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர், கேமரா, ஸ்கிரீன் ரெக்கார்டிங், கீபோர்டைக் கவனிக்கிறதுன்னு எதைத் தொட்டாலும் உங்க கிட்ட அனுமதி கேட்டாகணும். டெஸ்க்டாப் ஓஎஸ்கள்ல இந்தக் கடைசி விஷயத்துல மேக் அளவுக்கு மத்தவங்க இன்னும் வரலைங்கறது என் அபிப்ராயம்.

ஓட்டையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2017 நவம்பர்ல ஹை சியரால யூசர் நேம் இடத்துல ரூட்னு அடிச்சு பாஸ்வேர்ட காலியா விட்டு ரெண்டு மூணு தடவை என்டர் தட்டினா உள்ள விட்ட பக் இருந்தது, அடுத்த நாளே அவசரமா பேட்ச் விட்டாங்க.

கஸ்டமைசேஷன்னு வந்தா மேக் உங்களுக்கு சரிப்படாதுன்னு நினைக்கிறேன். வால்பேப்பர், டாக், ஷார்ட்கட், ஆட்டோமேஷன் எல்லாம் நல்லாவே பண்ணலாம். ஆனா விண்டோக்களைத் தானா அடுக்கணும்னு யபாய் போட்டீங்கன்னா, அடிப்படை வேலை சும்மாவே நடக்கும், ஸ்பேஸ்களுக்கு (தனித்தனி டெஸ்க்டாப்) நடுவுல விண்டோவ உடனே நகர்த்துறது மாதிரி நல்ல வசதிகளுக்கு சிப்ப பாதி அணைக்கணும். ரெக்கவரி மோடுக்குப் போய் பூட்டைக் கழட்டணும், அழகுக்காக. நான் அதைச் செய்யல, செய்யவும் சொல்ல மாட்டேன். அதோட 2024ல வந்த செக்கோயால இருந்து கையெழுத்து இல்லாத ஆப்ப கன்ட்ரோல் கிளிக் பண்ணித் தொறக்கிற குறுக்கு வழியையும் மூடிட்டாங்க, செட்டிங்ஸுக்குள்ள போய் அனுமதிச்சாத்தான் உண்டு. செக்யூரிட்டி பக்கம் பாத்தா சரியான முடிவு, சின்னச் சின்ன டூலா எழுதிப் பகிர்றவங்களுக்குக் கஷ்டம்.

இன்டெல் மேக் செகண்ட் ஹேண்ட்ல வாங்குற யோசனை இருந்தா விட்டுடுங்க, 2025ல வந்த டாஹோதான் இன்டெல்லுக்கு கடைசி வெர்ஷன்னு ஆப்பிளே சொல்லிட்டாங்க.


டெர்மினல்வாசி:

பாத்தீங்களா, அங்க ரெண்டுலயும் மாத்தணும்னா எதையாவது உடைக்கணும். லினக்ஸ்ல உடைக்க வேண்டியதே இல்ல. தீம் ஸ்டோர்ல கிளிக் பண்ணா இறங்கிடும், எக்ஸ்டென்ஷன் போட்டா க்னோம் டெஸ்க்டாப் முழுசா வேற மாதிரி ஆயிடும், ஆர்ச் லினக்ஸ்ல யூசர்களே பேக்கேஜ் ஏத்துற ஏயுஆர் இருக்கு, இல்லாத சாஃப்ட்வேரே இல்ல. ஓப்பன் சோர்ஸ்ங்கறதால பயமும் இல்ல.


பழையகீபோர்டு:

டெர்மினல்வாசி தம்பி, நீங்க சொன்ன மூணையும் ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.

தீம் ஸ்டோர். 2024 மார்ச்ல கேடிஇ-ங்கற லினக்ஸ் டெஸ்க்டாப்போட ஸ்டோர்ல இருந்து ஒருத்தர் ஒரு குளோபல் தீம் இறக்கினார், தீம் மட்டும்தான். அதுக்குள்ள இருந்த ஸ்கிரிப்ட் அவரோட ஃபைல் எல்லாத்தையும் அழிச்சிருச்சு, மவுண்ட் ஆகியிருந்த டிரைவையும் சேத்து. யாரும் வேணும்னு பண்ண மாதிரி தெரியல, ஸ்கிரிப்ட்ல இருந்த தப்பு. ஆனா தீம்னா கலரும் ஐகானும்தான்னு நினைச்சிருந்த எல்லாருக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது குளோபல் தீம்னா உள்ள கோடும் ஓடும்னு. கேடிஇ ஆளுங்களே வெளிப்படையா எச்சரிக்கை விட்டாங்க.

க்னோம் எக்ஸ்டென்ஷன். அது தனி ப்ரோக்ராமா ஓடுறதில்ல, க்னோம் ஷெல்லுக்குள்ளயே ஓடுற ஜாவாஸ்கிரிப்ட். திரையை வரையுறதும் கீபோர்ட வாங்குறதும் அதே ஷெல்தான். அப்போ அதுக்குள்ள உக்காந்த எக்ஸ்டென்ஷனால நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பாக்க முடியும். அவங்க சைட்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஆள் வெச்சு கோட படிச்சுத்தான் விடுறாங்க, அது பெரிய விஷயம், அந்த ரிவ்யூவர்கள் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா வேற எங்கயோ இருந்து ஜிப் ஃபைலா எடுத்துப் போட்டா அந்தக் காவல் கிடையாது.

ஏயுஆர். 2025 ஜூலைல ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப் மாதிரி பிரவுசர்களுக்கு பேட்ச் பண்ண வெர்ஷன்ங்கற பேர்ல மூணு பேக்கேஜ் ஏத்துனாங்க, உள்ள இருந்தது ரிமோட்ல மெஷினைப் பிடிக்கிற ட்ரோஜன். ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுத் தூக்கிட்டாங்க. ஏயுஆர்ல யார் வேணா ஏத்தலாம், பில்டு ஃபைலைப் படிச்சுட்டுப் போடுங்கன்னு ஆர்ச்காரங்களே சொல்றாங்க. படிக்கிறவங்க எத்தனை பேர்?

ஓப்பன் சோர்ஸ், அதைத் தனியா எழுதணும். எக்ஸ்இசட் விவகாரம் தெரியும்ல? லினக்ஸ்ல ஃபைலைச் சுருக்குற ஒரு டூல் அது. ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல பொறுமையா நல்ல பேட்ச் அனுப்பி, மெயின்டெய்னரா ஆகி, நம்பிக்கை வந்தப்புறம் 5.6.0, 5.6.1 ரிலீஸ்ல எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து மெஷின்ல லாகின் ஆகுற வழி) மூலமா உள்ள நுழையற பேக்டோர், அதாவது ரகசியக் கதவு வெச்சிட்டார். அதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கற எஞ்சினியர் 2024 மார்ச் 29 அன்னைக்கு வெளியில சொன்னார், எப்படிப் பிடிச்சார்னா எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு விடாம தோண்டிப் பாத்து. பெரிய டிஸ்ட்ரோக்களோட, அதாவது லினக்ஸ் தொகுப்புகளோட, ஸ்டேபிள் ரிலீஸுக்குப் போறதுக்கு முன்னாடியே சிக்கிடுச்சு. இதுல ரெண்டு பக்கமும் இருக்கு. கோடு தொறந்திருந்ததால ஒரு தனி மனுஷனால தோண்ட முடிஞ்சது, க்ளோஸ்டு சோர்ஸா இருந்தா அந்த அரை செகண்டுக்கு அவரால காரணம் கண்டுபிடிச்சிருக்க முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா தொறந்திருந்தும் அது ரிலீஸ் ஆகுற வரைக்கும் யார் கண்ணுலயும் படல. டர்ட்டி கவ் ஓட்டை கெர்னல்ல 2007ல இருந்து 2016 வரைக்கும் கிடந்தது, அட்மின் உரிமை வாங்குற சுடோ கமாண்ட்ல 2021ல பிடிச்ச ஓட்டை பத்து வருஷ பழசு. தொறந்திருக்கிறதும் படிக்கப்படுறதும் வேற வேற.


டெர்மினல்வாசி:

எக்ஸ்டென்ஷன் ஷெல்லுக்குள்ளயே ஓடுதுங்கறது எனக்குத் தெரியாது அண்ணா, தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா எக்ஸ்11-ங்கற பழைய திரை ப்ரோட்டோகாலுக்குப் பதிலா வேலண்ட் வந்தப்புறம் கீ திருடுற பிரச்சனை தீந்துச்சுன்னு சொல்றாங்களே?


பழையகீபோர்டு:

ஆப்களுக்கு நடுவுல தீந்துச்சு, அது ரொம்பப் பெரிய முன்னேற்றம். சாம்பல்திரைக்கும் உதவும்ங்கறதால எக்ஸ்11ல எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் கிட்டக்கப் போய்ப் பாக்கலாம். எக்ஸ்11 செஷன்ல ஒரு டெர்மினல் தொறந்து, எக்ஸ்இன்புட்னு ஒரு சின்ன டூல் இருக்கும், அதுல டெஸ்ட்னு குடுத்து கீபோர்டோட நம்பரக் குடுங்க. அட்மின் பாஸ்வேர்ட் ஒண்ணும் கேக்காது. இப்ப வேற ஒரு விண்டோவுக்குப் போய் ஏ-ன்னு தட்டுங்க. முதல் டெர்மினல்ல கீ ப்ரெஸ் 38, கீ ரிலீஸ் 38-ன்னு வரி விழும். இன்னொரு டெர்மினல்ல சுடோ பாஸ்வேர்ட் அடிச்சீங்கன்னாலும் அதே மாதிரி நம்பர் நம்பரா கொட்டும். உங்க யூசர்ல ஓடுற எந்த ப்ரோக்ராமும் இதைச் செய்யலாம், கால்குலேட்டர் ஆப் கூட. டிசைனே அப்படி, 1987ல போட்ட ப்ரோட்டோகால், ஒரே மெஷின்ல ஓடுற ஆப்கள் ஒண்ணை ஒண்ணு நம்பும்ங்கற எண்ணத்துல கட்டினது.

வேலண்ட்ல எந்த விண்டோ முன்னாடி இருக்கோ அதுக்கு மட்டும்தான் கீ போகும், ஸ்கிரீனைப் பிடிக்கணும்னா உங்க கிட்ட கேட்டாகணும். அதனால டிஸ்ட்ரோ எடுக்குறப்ப இதைப் பாருங்க. கேடிஇ பிளாஸ்மா 6, க்னோம் ரெண்டும் வேலண்ட்லதான் வரும், உபுண்டு 25.10ல க்னோமோட எக்ஸ்11 செஷனையே எடுத்துட்டாங்க. மின்ட் நல்ல டிஸ்ட்ரோ, புதுசா வர்றவங்களுக்கு இதமா இருக்கும், ஆனா அதோட சின்னமன் டெஸ்க்டாப்ல வேலண்ட் இன்னும் சோதனை நிலையிலதான் இருக்கு.

வேலண்ட் தடுக்காத ஒண்ணும் இருக்கு. உங்க யூசர்ல ஓடுற மோசமான ப்ரோக்ராம் உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற, டெர்மினல்ல ஓடுற பேஷோட செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு வரி சேத்தா போதும், அடுத்த தடவை நீங்க சுடோன்னு அடிக்கிறப்ப ஓடுறது அவனோட போலி சுடோ. ரூட் ஆகாமலே உங்க பாஸ்வேர்ட் போயிரும்.


சாம்பல்திரை:

அப்போ ஆன்டிவைரஸ், ரூட் பாதுகாப்பு, எல்லாத்தையும் தாண்டி என் யூசர் அக்கவுண்ட்ல ஓடுற ஒரு ப்ரோக்ராமே எனக்கு ஆபத்தா? பேங்க் லாகின் எல்லாம் பிரவுசர்லதானே இருக்கு, அதையும் எடுத்துடுமா?


கல்வெட்டுஎழுத்து:

எடுத்துடும். இப்ப நடக்கிற திருட்டுல பெரிய பங்கு அதுதான். இன்ஃபோஸ்டீலர்னு சொல்றாங்க. சிஸ்டம் ஃபைல் எதையும் தொடாது, பிரவுசர் ஃபோல்டர்ல இருக்கிற குக்கியையும் சேவ் பண்ண பாஸ்வேர்டையும் அள்ளிட்டுப் போயிரும். குக்கி கிடைச்சா ஓடிபியே தேவையில்ல, ஏற்கெனவே லாகின் ஆன ஆளா உள்ள போயிடலாம். குரோம் மாதிரி பிரவுசர்கள் அதை என்க்ரிப்ட் பண்ணுது, மேக்ல கீசெயின் பாஸ்வேர்ட் கேக்கும், அதனால மேக் ஸ்டீலர்கள் சிஸ்டம் மாதிரியே ஒரு போலிப் பெட்டியைக் காட்டி பாஸ்வேர்டை வாங்கிக்குது. ஆடமிக் ஸ்டீலர்னு 2023ல வெளிய வந்தது அப்படித்தான் வேலை செஞ்சது.

உள்ள எப்படி வருதுன்னா, நீங்களே கொண்டு வர்றீங்க. கிளிக்ஃபிக்ஸ்னு ஒரு வகை ஓடிட்டு இருக்கு, ஒரு பேஜ் தொறக்கும், நீங்க ரோபோ இல்லைன்னு காட்டணும்னு சொல்லும், வழக்கமான படம் பொறுக்குற வேலை இருக்காது. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேத்து அழுத்துங்க, அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர்னு மூணு ஸ்டெப் காட்டும். நீங்க பட்டனைத் தொட்டப்பவே அந்த பேஜ் கிளிப்போர்டுல ஒரு பவர்ஷெல் கமாண்ட வெச்சிருக்கும். என்டர் தட்டினா முடிஞ்சது. இதுக்கே மேக் டெர்மினலுக்கு ஒரு வெர்ஷன், லினக்ஸுக்கு ஒரு வெர்ஷன்னு வந்தாச்சு. கஸ்டமைஸ் பண்றவங்களுக்குத்தான் இது கூடுதல் ஆபத்து, எங்கயோ பாத்த கமாண்ட டெர்மினல்ல ஒட்டி என்டர் தட்டுறது நமக்கு தினசரிப் பழக்கம்.


ஆறாவதுவிண்டோ:

கர்ல் போட்டு நேரா பேஷுக்குப் பைப் பண்ற, அதாவது நெட்ல இருக்கிற ஸ்கிரிப்ட படிக்காமலே ஓட்டுற இன்ஸ்டால் முறையும் அதே கதைதான், நிறைய நல்ல ப்ராஜெக்ட்களே அதைச் சொல்லிக் குடுக்குறாங்கங்கறதுதான் கொடுமை.


கல்வெட்டுஎழுத்து:

ஆமா. இதுக்கு சாண்ட்பாக்ஸ்தான் வழி. லினக்ஸ்ல ஃப்ளாட்பேக் வழியா ஆப் போட்டா அது தன் கூண்டுக்குள்ள ஓடும். ஆனா ஃப்ளாட்பேக்னு போட்டிருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க, சில ஆப் ஹோம் ஃபோல்டர் முழுசுக்கும் அனுமதி கேட்டுத்தான் வருது, அப்படி வந்தா கூண்டுக்கு அர்த்தமே இல்ல. ஃப்ளாட்சீல்னு ஒரு ஆப் இருக்கு, அதுல ஒவ்வொரு ஆப்புக்கும் என்ன அனுமதின்னு ஸ்விட்ச் ஸ்விட்ச்சா தெரியும், ஹோம் அனுமதியை அணைச்சுட்டு டவுன்லோட்ஸ் மட்டும் குடுங்க. கேடிஇல செட்டிங்ஸுக்குள்ளயே இது இருக்கு. என்னைப் பொறுத்தவரைக்கும் லினக்ஸ்ல உருப்படியான கஸ்டமைசேஷன் இதுதான், யாருக்கு எது தெரியணும்னு நாமளே முடிவு பண்றது. வால்பேப்பர் மாத்துறதை விட எனக்கு இதுல சந்தோஷம் அதிகம்.

கூண்டு முறையை அதோட எல்லை வரைக்கும் கொண்டு போனது க்யூப்ஸ் ஓஎஸ். பேங்குக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின், வேலைக்கு ஒண்ணு, கண்ட லிங்க்கைத் தொறக்க தூக்கிப் போடுற மாதிரி ஒண்ணு, ஒவ்வொண்ணோட விண்டோவுக்கும் வேற வேற கலர் பார்டர். ரேம் நிறைய வேணும், கிராஃபிக்ஸ் வேகம் எதிர்பாக்க முடியாது. உங்க பழைய லேப்டாப்புக்கு சிபாரிசு பண்ண மாட்டேன்.


மூன்றாம்கிளிக்:

ஓப்பன்பிஎஸ்டியும் ஒரு வார்த்தை சொல்லணும். ப்ரோக்ராம் தொடங்கினதும் இனிமே எனக்கு இந்த இந்த வேலை மட்டும்தான் வேணும்னு தானே உறுதி குடுத்துடும், அதை மீறினா கெர்னல் கொன்னுடும். பிளெட்ஜ்னு பேர். தினசரி டெஸ்க்டாப்புக்கு சாஃப்ட்வேர் கம்மி, ஆனா அந்த யோசனையோட நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.


சாம்பல்திரை:

எல்லாருக்கும் நன்றி. படிச்ச வரைக்கும் லினக்ஸ் பக்கம்தான் சாயுறேன். ஆனா தீம், எக்ஸ்டென்ஷன் எதுவும் போடக் கூடாதுன்னா நான் கேட்ட ரெண்டாவது விஷயம் என்ன ஆச்சு? அப்புறம், என் லேப்டாப்ல என்விடியா கார்டு, பூட் ஆகுறப்ப கையெழுத்து சரி பாக்குற செக்யூர் பூட்ட அணைச்சாத்தான் ஓடும்னு ஒருத்தர் சொன்னார்.


பழையகீபோர்டு:

இதைத்தான் முதல் பதில்லயே சொல்ல வந்தேன். கேடிஇ பிளாஸ்மா போடுங்க, வெளியில இருந்து எதையும் இறக்காம ஒரு வாரம் செட்டிங்ஸுக்குள்ளயே சுத்துங்க. பேனலை நாலு பக்கமும் வைக்கலாம், ரெண்டு மூணு பேனல் கூட வைக்கலாம், கலரைத் துளித்துளியா மாத்தலாம். விண்டோ ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு, இந்த ஆப் தொறந்தா இந்த டெஸ்க்டாப்ல, இந்த சைஸ்ல, டைட்டில் பார் இல்லாம உக்காரணும்னு சொல்லலாம். மெட்டா கீயோட (விண்டோஸ் கீதான்) டி (T) தட்டினா ஸ்கிரீனைக் கட்டம் கட்டமா பிரிக்கிற எடிட்டர் வரும், 2023ல வந்த 5.27ல இருந்து இருக்கு, அப்புறம் ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டு விண்டோவ இழுத்தா கட்டத்துல போய் உக்காந்துக்கும். விண்டோஸ்ல எக்ஸ்ப்ளோரருக்குள்ள கோடு நுழைச்சும், மேக்ல சிப்ப அணைச்சும் வாங்குற விஷயங்கள் இங்க டிஸ்ட்ரோ கையெழுத்துப் போட்டு அனுப்புற பேக்கேஜுக்குள்ளயே இருக்கு. நான் லினக்ஸ்னு சொன்னது இதுக்காகத்தான். ஐகான் தீம், கலர் ஸ்கீம் மட்டும் ஸ்டோர்ல இருந்து எடுக்கலாம், அது படமும் கலர் எண்ணும்தான். குளோபல் தீம், விட்ஜெட், ஸ்கிரிப்ட், இந்த மூணையும் கோடுன்னு நினைச்சு யோசிச்சுப் போடுங்க.

டிஸ்ட்ரோல ஃபெடோரா கேடிஇ, இல்லேன்னா பிளாஸ்மா 6 இருக்கிற குபுண்டு. ப்ரோக்ராம் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்துற காவலா ஃபெடோரால எஸ்இலினக்ஸ் முதல்ல இருந்தே ஆன்ல இருக்கும், உபுண்டு குடும்பத்துல ஆப்ஆர்மர். ஐஎஸ்ஓவ அவங்க சைட்ல இருந்தே எடுத்து செக்சம்மையும் (ஃபைல் மாறலைன்னு காட்டுற எண்) அதோட கையெழுத்தையும் சரி பாருங்க, 2016 பிப்ரவரில மின்ட் சைட்டையே ஹேக் பண்ணி பேக்டோர் வெச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க்கை மாத்தி விட்டிருந்தாங்க. இன்ஸ்டால் பண்றப்ப டிஸ்க் என்க்ரிப்ஷனை டிக் பண்ணுங்க, அப்புறமா சேக்குறது பெரிய தலைவலி. விண்டோஸையும் பக்கத்துல வெச்சுக்கப் போறீங்கன்னா பார்டிஷன்லயோ பயாஸ்லயோ கை வைக்கிறதுக்கு முன்னாடி விண்டோஸோட டிஸ்க் என்க்ரிப்ஷனான பிட்லாக்கரோட ரெக்கவரி கீய பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, பயாஸ்ல ஒரு செட்டிங் மாறினாலே அது 48 இலக்க நம்பர் கேட்டு நிக்கும்.


கல்வெட்டுஎழுத்து:

என்விடியாவுக்கு செக்யூர் பூட்ட அணைக்க வேணாம். குபுண்டுல டிரைவர் போடுறப்ப ஒரு பாஸ்வேர்ட் வெக்கச் சொல்லலாம், சாதாரண எழுத்தும் நம்பரும் மட்டும் வையுங்க, ஏன்னா அடுத்து வர்ற ஸ்கிரீன்ல கீபோர்ட் அமெரிக்க லேஅவுட்லதான் இருக்கும். ரீபூட் ஆனதும் நீலக் கலர்ல மோக் (MOK, நீங்களே அனுமதிக்கிற கையெழுத்துச் சாவி) மேனேஜ்மெண்ட்னு ஒரு பேஜ் வரும், சில செகண்ட்தான் நிக்கும், ஏதாவது ஒரு கீய அழுத்திடுங்க, என்ரோல் மோக் எடுத்து அந்த பாஸ்வேர்ட குடுங்க. வைரஸோன்னு பயந்து விட்டுட்டா டிரைவர் லோட் ஆகாது, திரை மங்கலா பெரிய எழுத்துல நிக்கும், நிறைய பேர் அந்த இடத்துலதான் செக்யூர் பூட்ட அணைச்சுட்டு லினக்ஸ்ல ஓடாதுன்னு முடிவு பண்ணிடுறாங்க. மோக்யூட்டில்-ங்கற கமாண்ட்ல இம்போர்ட் குடுத்து ரீபூட் பண்ணா அதே நீல பேஜ் திரும்ப வரும்.


சாம்பல்திரை:

புரிஞ்சது. வேலை ஃபைல் எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு இருக்கேன், ரெக்கவரி கீ எழுதியாச்சு, ஃபேன் டூல அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். குபுண்டுல பேனல் இடது பக்கம், கட்டம் மூணு, எக்ஸ்டர்னல் மானிட்டர்ல தனியா ரெண்டு கட்டம், இதுதான் முதல் வேலை.


பழையகீபோர்டு:

மானிட்டர் வாரியா கட்டம் தனித்தனியா வெச்சுக்கலாம், பிரச்சனை இல்ல. மெட்டா டி தட்டுறதுக்கு முன்னாடி மவுஸ் எந்த மானிட்டர்ல இருக்குன்னு பாத்துக்கோங்க.